முதுகந்தண்டு அறுவைச் சிகிச்சையும் ஆறும் காலமும்

"ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை" என்பது நம்மவர் வாயில் நாளும் வழங்கும் பழமொழி. சோற்றை முன்னிட்டுப் பிறந்த சொல்லே எனினும், உடலில் கத்தி பட்டவர்க்கு அது முற்றும் பொருந்தும். அதிலும் முதுகந்தண்டில் அறுவை செய்துகொண்டவர்க்கு அதனினும் ஏற்ற அறிவுரை வேறில்லை. அறுவை சில மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. ஆறுவதற்கோ வாரங்களும் மாதங்களும் வேண்டும். முன்னது மருத்துவர் கையில் இருக்கிறது. பின்னது நோயாளியின் கையிலும் அவர்தம் வீட்டார் கையிலும் இருக்கிறது.

பாரிட் புந்தாரும் அதைச் சூழ்ந்த கிரியான் வட்டாரமும் முதுகை நம்பி வாழ்ந்த ஊர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வட்டாரத்துக் கரும்புத் தோட்டங்களில் குனிந்து உழைத்தோர் தமிழர். பிறகு ரப்பர் வந்தது. மரத்தின் அடிப்பட்டையில் பால் வெட்டக் குனிந்தும், நிறைந்த வாளிகளைத் தோளில் சுமந்தும் இரண்டு மூன்று தலைமுறைகள் கழிந்தன. 1906-இல் கிரியான் நீர்ப்பாசனத் திட்டம் நிறைவேறியபின் இப்பகுதி நெல் விளையும் நாடாயிற்று. இன்றோ தோட்டங்களில் செம்பனை மிகுந்துள்ளது. வளர்ந்த மரத்தின் குலையொன்று 20 கிலோவுக்கு மேலும் எடை காணும். இத்தகைய ஊரில் முதுகு வலி இல்லாத வீடு எங்கே உண்டு? அவர்களுள் சிலர்க்கு வலி முற்றி, மருந்தாலும் பயிற்சியாலும் தீராமல், அறுவை மேசை வரையில் செல்ல நேர்கிறது.

அங்ஙனம் சென்று திரும்புவோர் வீட்டில் இரு பிழைகள் நிகழக் காண்கிறோம். ஒன்று, "முதுகில் கை வைத்தாயிற்று, இனி அசையக்கூடாது" என்று வீட்டார் அவரை மாதக்கணக்கில் படுக்கையிலேயே கிடத்துவது. மற்றொன்று, பத்தாம் நாள் வலி குறைந்தவுடன், "நான் நலமாகிவிட்டேன்" என்று அவர் எழுந்து எரிவாயுத் தோம்பைத் தூக்குவது. இவ்விரண்டும் தீங்கே. இவற்றின் நடுவே செல்லும் வழி யாது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

தண்டின் அமைப்பு

முதுகந்தண்டு ஒரே கோல் அன்று. கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5 என 24 முள்ளெலும்புகள் தனித்தனியே அசையும். அவற்றின் கீழே, ஒன்றாய் இணைந்துபோன எலும்புகளால் ஆன திருவெலும்பும் வாலெலும்பும் உள்ளன. அசையும் எலும்புகளின் இடையே நுங்கைப் போன்ற மென்பொருளை நடுவிலும், வலிய நார் வளையத்தைச் சுற்றிலும் உடைய வட்டுகள் உண்டு. இவை வண்டியின் வில்லைப் போல அதிர்ச்சியைத் தாங்குவன. எலும்புகளின் பின்புறத்துக் கால்வாயில் மூளையிலிருந்து தண்டுவடம் இறங்குகிறது. பெரியவர்களுக்கு இஃது இடுப்பின் முதலாம் அல்லது இரண்டாம் முள்ளெலும்பு அளவில் முடிந்துவிடும். அதற்குக் கீழே நரம்புகள் குதிரை வாலின் மயிர்க்கற்றையைப் போலத் தொங்குகின்றன. காலை அசைப்பதும், சிறுநீரையும் மலத்தையும் அடக்குவதும் இந்நரம்புகளின் வேலை.

வளையம் கிழிந்து உள்ளிருக்கும் மென்பொருள் வெளியே பிதுங்கினால் நரம்பு நசுங்கும். இடுப்பில் தோன்றிய வலி தொடை வழியே பாதம் வரை மின்னலைப் போல் ஓடும். முதுமையில் எலும்பு தடித்துக் கால்வாய் குறுகினாலும் நரம்பு நெரிபடும். அப்பொழுது சிறிது தூரம் நடந்ததும் கால்கள் கனத்துப்போகும், உட்கார்ந்தால் தெளியும்.

அறுவை செய்வது யாது?

பிதுங்கிய வட்டே கால்வலிக்குக் காரணமாகலாம் என்பதை மருத்துவ உலகுக்குத் தெளிவுற விளக்கியவர்கள் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து வில்லியம் மிக்ஸ்டர், ஜோசப் பார் ஆகிய இருவர். அவர்கள் கட்டுரை 1934-இல் வெளிவந்தது. அதன்பின், பிதுங்கிய பகுதியை அகற்றும் அறுவை உலகெங்கும் பரவிற்று. எலும்பின் பின்தகட்டை நீக்கிக் கால்வாயை அகலமாக்குவது மற்றொரு வகை. தளர்ந்த இரு முள்ளெலும்புகளை ஒன்றோடொன்று ஒட்ட வைப்பது மூன்றாம் வகை. இதனை 1911-இல் நியூயார்க்கின் ரஸ்ஸல் ஹிப்ஸ், ஃபிரெட் ஆல்பி ஆகியோர் தனித்தனியே வெளியிட்டனர். இன்று இதற்குத் திருகாணிகளும் உலோகக் கம்பிகளும் துணை செய்கின்றன.

இங்கே ஓர் உண்மையை மனத்தில் நன்கு பதிக்க வேண்டும். முதலிரு வகை அறுவைகள் நரம்பின்மேல் இருந்த நெருக்கத்தை நீக்குவன, அவ்வளவே. தேய்ந்த வட்டு புதிதாகிவிடுவதில்லை. கிழிந்த நார் வளையம் மெல்லத் தழும்பாகி மூடவேண்டும். மூன்றாம் வகையிலோ, திருகாணி ஒரு முட்டுக்கட்டை மாத்திரமே. எலும்போடு எலும்பு கூடி வளர்வதே உண்மையான ஒட்டு. அதற்கு 3 முதல் 6 மாதங்கள் ஆகும். சிலர்க்கு ஓராண்டும் ஆகலாம். தோலின் காயம் இரண்டு வாரத்தில் மூடிக்கொள்வதைக் கண்டு உள்ளேயும் ஆறிவிட்டது என எண்ணுவது, புறச்சுவர் காய்ந்ததைக் கண்டு அடித்தளமும் இறுகிவிட்டது என்று கொள்வதற்கு ஒப்பாகும்.

படுக்கையா, நடையா?

முற்காலத்தில் முதுகு நோய்க்குப் படுக்கையே முதல் மருந்து. முதுகெலும்பைக் காசநோய் அரித்தவர்களைப் பல மாதங்கள், சில வேளை ஆண்டுக்கணக்கில், சாந்துக் கட்டில் கிடத்தினர். 1947-இல் இங்கிலாந்து மருத்துவர் ரிச்சர்ட் ஆஷர், படுக்கையிற் கிடப்பதால் விளையும் கேடுகளைத் தொகுத்து எழுதி மருத்துவர்களை எச்சரித்தார். அசையாமற் கிடந்தால் காலின் குருதிக் குழாய்களில் குருதி உறையும், நுரையீரலில் சளி தங்கும், தசை மெலியும், எலும்பு சுண்ணாம்புச் சத்தை இழக்கும், மலம் கட்டும், மனமும் சோரும்.

இவ்வகையில் தமிழகத்துக்கும் ஒரு பங்கு உண்டு. சென்னையின் காசநோய் ஆராய்ச்சி நிலையத்தார் 1975-இல் ஓர் ஆய்வைத் தொடங்கினர். முதுகெலும்புக் காசநோயாளிகளுள் நடக்கக்கூடிய ஒரு சாராரைப் படுக்க வைக்காமல், அறுவையும் செய்யாமல், நடமாட விட்டு மருந்து மட்டும் தந்தனர். மற்றொரு சாரார்க்கு மருந்தோடு பெரிய அறுவையும் செய்தனர். பத்தாண்டு கழித்துக் கண்ட முடிவு 1999-இல் வெளியாயிற்று. நடமாடிக்கொண்டே மருந்துண்டவர்கள் அறுவை பெற்றோர்க்குக் குறையாத நலம் எய்தினர். வட்டுப் பிதுக்கமும் காசநோயும் வேறு வேறு என்பது உண்மையே. ஆயினும், நோயுற்ற முதுகுகூட நடப்பதால் நொறுங்கிவிடாது என்பதை இவ்வாய்வு காட்டிற்று. ஆதலின், இக்காலத்தில் பெரும்பாலான முதுகு அறுவைகளுக்குப் பின் அன்றோ மறுநாளோ நோயாளியை எழுப்பி நடக்க விடுகின்றனர்.

பளுவின் கணக்கு

நடக்கலாம் என்றால் எதுவும் செய்யலாமோ? அன்று. ஜெர்மனியின் உல்ம் நகரத்து ஆய்வாளர்கள் நலமுள்ள ஒருவரின் இடுப்பு வட்டினுள் நுண்ணிய அளவியைச் செலுத்தி, அவர் அன்றாடச் செயல்களைச் செய்கையில் எழும் அழுத்தத்தை அளந்து 1999-இல் வெளியிட்டனர். மல்லாந்து படுத்திருக்கையில் அழுத்தம் 0.1 மெகாபாஸ்கல். நிற்கையில் 0.5. முதுகை வளைத்துக் குனிந்து 20 கிலோ எடையைத் தூக்குகையில் 2.3. அதே எடையை முழங்காலை மடக்கித் தூக்கியபோது 1.7, உடலோடு அணைத்துப் பிடித்தபோது 1.1.

இந்த எண்கள் கூறும் பாடம் தெளிவானது. குனிந்து தூக்குதல் நிற்பதைப் போல் நான்கு மடங்குக்கு மேற்பட்ட சுமையை வட்டின்மேல் ஏற்றுகிறது. நடையைக் கண்டு அஞ்சுவோர் குனிவதற்கு அஞ்சுவதில்லை, அஞ்சவேண்டியதோ குனிவதற்கே. குனிதல், முறுக்குதல், தூக்குதல் ஆகிய மூன்றும் முதல் ஆறு வாரங்களுக்கு விலக்கு. எலும்பை ஒட்ட வைத்தவர்க்கு இன்னும் நெடிது. எத்தனை கிலோ வரை தூக்கலாம் என்பதை அறுத்த மருத்துவரே சொல்ல வேண்டும். அவர் சொல்லும் வரையில், கடையில் விற்கும் 5 கிலோ அரிசிப் பையைத் தூக்கக்கூடாத பளு எனக் கொள்வது பாதுகாப்பு.

வீட்டை ஒழுங்கு செய்தல்

நோயாளி வருமுன் வீடு ஆயத்தமாக வேண்டும். தரையில் பாய் விரித்துப் படுக்கும் பழக்கம் நல்லதே எனினும் இக்காலத்திற்கு ஏற்றதன்று. தரையிலிருந்து எழுவதற்கு முதுகு வளைந்தே ஆகவேண்டும். முழங்கால் உயரக் கட்டிலும் உள்ளே குழியாத மெத்தையும் வேண்டும். எழும் முறையையும் கற்க வேண்டும். முதலில் முழங்கால்களை மடக்கித் தோளும் இடுப்பும் ஒருசேர, மரக்கட்டை உருள்வதுபோல், ஒரு பக்கம் திரும்புக. பின் கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, அதே வேளையில் கையால் ஊன்றி எழுக. படுப்பது இதன் தலைகீழ் முறை. மல்லாந்து படுத்தால் முழங்காலின் கீழும், ஒருக்களித்துப் படுத்தால் முழங்கால்களின் நடுவும் தலையணை வைத்துக்கொள்வது இதம்.

குந்தி அமரும் கழிவறையே பல பழைய வீடுகளில் உள்ளது. அதன்மேல் நடுவில் துளையுள்ள நாற்காலியைப் போட்டுக்கொள்ளலாம். மருந்துப் பொருட்கடைகளில் அது கிடைக்கும். குளியலறைத் தொட்டியில் குனிந்து நீர் முகப்பதை விடுத்து, உயரமான முக்காலியின்மேல் வாளியை வைத்துக்கொள்க. ஈரத் தரை வழுக்கும். ரப்பர் விரிப்பும் சுவரில் ஒரு கைப்பிடியும் இன்றியமையாதவை. மருத்துவர் இசைவு தரும்வரை காயத்தில் நீர் படலாகாது.

சமையலறையில் அடிக்கடி எடுக்கும் பானை, சட்டி, அரிசி, பருப்பு எல்லாவற்றையும் இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்தில் வைக்கவேண்டும். கோலமிடுவதையும், தரை துடைப்பதையும், ஈரத் துணி பிழிவதையும் வீட்டில் வேறொருவர் ஏற்கட்டும். பெண்கள் அறுவை செய்துகொண்ட வீடுகளில் இவ்வறிவுரை பெரும்பாலும் காற்றோடு போய்விடுகிறது. ஆடவர்க்கு ஆறு வாரம் ஓய்வு தரும் குடும்பம் அன்னைக்கு ஆறு நாள் தருவதில்லை. முதுகெலும்புக்கு ஆண் பெண் வேற்றுமை தெரியாது என்பதை வீட்டார் உணர்வாராக.

பேரக் குழந்தை ஓடிவந்தால் குனிந்து தூக்கற்க. நாற்காலியில் அமர்ந்து, பிள்ளை தானே மடியேறும்படி செய்க. கோயிலில் சம்மணமிட்டு அமர்வதும், விழுந்து வணங்குவதும் சில மாதம் வேண்டா. நின்று கைகூப்பினாலும் இறைவன் ஏற்பான்.

நடையும் பயணமும்

நடையை மருந்தெனக் கொண்டு அளவோடு உண்ண வேண்டும். முதல் நாட்களில் ஒரு வேளைக்கு ஐந்து நிமிடம், நாளைக்கு நான்கைந்து வேளை. பின்னர் நாளுக்கு நாள் ஒன்றிரண்டு நிமிடம் கூட்டிக்கொள்ளலாம். நம் ஊரின் சமதளமும் வாய்க்கால் ஓரச் சாலைகளும் இதற்கு வாய்த்த பேறு. காலை வெயில் ஏறுமுன் நடப்பது நன்று. முந்தைய நாளினும் கால்வலி மிகுந்தால் ஒரு படி இறங்குக, நிறுத்திவிடற்க. முதுகையும் வயிற்றையும் வலுப்படுத்தும் பயிற்சிகளைப் பிசியோதெரபிஸ்ட் எனப்படும் இயன்முறைச் சிகிச்சையாளர் கற்பித்தபின்னரே தொடங்க வேண்டும்.

ஒரே இருப்பாக அரைமணிக்கு மேல் உட்காராதிருப்பது நலம். மோட்டார் சைக்கிளின் பின்னால் அமர்ந்து மேடுபள்ளத்தில் செல்வது முதல் வாரங்களில் அறவே ஆகாது. மறுபரிசோதனைக்குப் பினாங்குப் பக்கம் செல்ல வேண்டியவர்கள் பட்டர்வொர்த் செல்லும் மின்ரயிலில் போகலாம். இடையிடையே எழுந்து நிற்க வசதி உண்டு. காரில் சென்றால் இருக்கையைச் சற்றுச் சாய்த்து, அரைமணிக்கு ஒருமுறை இறங்கி நடக்க. தூக்கம் தரும் வலிமருந்து உண்ணும்வரை வண்டி ஓட்டலாகாது.

உணவும் மருந்தும்

அறுவை ஆனவர்க்கு முட்டை, மீன், கோழி எல்லாம் ஆகாது, சீழ் பிடிக்கும் என்று பத்தியம் வைப்போர் இன்றும் உளர். இது தவறு. புண் ஆறப் புரதச் சத்து வேண்டும். அதை மறுப்பது கொத்தனுக்குச் செங்கல் கொடாமல் சுவரெழுப்பச் சொல்வது போன்றது. நம் வயல்வெளிகளில் கிடைக்கும் விரால் மீனைப் புண் ஆற்றும் உணவாக மலாய்க்காரரும் சீனரும் நம்மவரும் விரும்பி உண்கின்றனர். நல்ல புரத உணவு என்ற அளவில் அவ்வழக்கம் போற்றத்தக்கதே. வலிமருந்துகள் மலத்தைக் கட்டும். முக்கினால் முதுகு நோகும். ஆதலின் கீரையும் பப்பாளியும் போதிய நீரும் நாள்தோறும் வேண்டும். நீரிழிவு உடையோர் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்காவிடில் காயம் எளிதில் கிருமிக்கு இரையாகும். புகைபிடிப்போர்க்கு எலும்பு ஒட்டுவது தாமதப்படும். சிலர்க்கு ஒட்டாமலே போவதும் உண்டு.

எண்ணெய் போட்டு உருவிவிடுவது நம் ஊரில் எல்லா நோவுக்கும் கைமருந்து. அறுவை நடந்த முதுகில் மருத்துவரைக் கேளாமல் எவரும் கைவைக்க விடலாகாது.

காத்திருக்கக் கூடாத குறிகள்

பொறுமை வேண்டும் என்றோம். ஆயினும் பொறுக்கவே கூடாத சில குறிகள் உள. காய்ச்சல்; காயம் சிவந்து வீங்குதல்; சீழோ தெளிந்த நீரோ கசிதல்; எழுந்து உட்கார்ந்தால் மட்டும் தலை பிளப்பதுபோல் வலித்தல்; ஒரு கெண்டைக்கால் வீங்கி நோதல் ஆகியவை தோன்றினால் அன்றே மருத்துவமனைக்குச் செல்க. கால் புதிதாக வலுவிழத்தல், ஆசனவாயைச் சுற்றியும் தொடையின் உட்புறத்திலும் மரத்துப்போதல், சிறுநீர் வராமை அல்லது தானே கழிதல் ஆகியவை முன்சொன்ன நரம்புக் கற்றை நெரிபடுவதன் அறிகுறிகள். இவற்றுக்கு நாள் கணக்கன்று, மணிக் கணக்கு. மூச்சுத் திணறல் தோன்றினாலும் அவ்வாறே. விடியட்டும் என்று காத்திராமல் உடனே அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவை நாடுக.

வேலைக்குத் திரும்புதல்

வட்டு மட்டும் அகற்றப்பட்டவர் மேசை வேலைக்கு ஏறத்தாழ 4 முதல் 6 வாரங்களில் திரும்பலாம். பளு வேலைக்கு மூன்று மாத அளவு ஆகும். எலும்பை ஒட்ட வைத்தவர்க்கு இதைப்போல் இருமடங்கும் ஆகலாம். குலை வெட்டுவதும் மூட்டை சுமப்பதும் சிலர்க்கு என்றுமே கூடாமற் போகலாம். நம் மக்களுக்குப் பெரிய இடர் இங்கேதான். அடுப்பெரிய வேண்டுமே என்ற கவலை, ஆறாத முதுகை வேலைக்கு இழுத்துச் செல்கிறது.

ஆதலின் உரிமைகளை அறிந்திருப்பதும் மருத்துவத்தின் ஒரு பகுதியே. மலேசியாவின் 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின்படி, மருத்துவமனைச் சிகிச்சை தேவை என்று மருத்துவர் சான்றளித்தால், தொழிலாளிக்கு ஆண்டில் 60 நாள் வரை ஊதியத்தோடு விடுப்பு உண்டு. 1971-இல் செயற்படத் தொடங்கிய பெர்க்கேசோ எனப்படும் சமூகப் பாதுகாப்பு நிறுவனம், வேலையில் காயமுற்ற உறுப்பினர்க்கும் உழைக்கும் திறனை இழந்த உறுப்பினர்க்கும் உதவுகிறது. நோயுற்றோரை ஏற்ற வேலையில் மீண்டும் அமர்த்தும் திட்டத்தை அது 2007-இல் தொடங்கிற்று. மலாக்காவில் அதன் மறுவாழ்வு மையம் 2014-இல் திறக்கப்பெற்றது. பதிவு இல்லாமல் நாட்கூலிக்குச் செல்வோர்க்கு இவ்வுதவி எட்டாது. நலமாயிருக்கும்போதே பதிந்துகொள்வது அறிவுடைமை.

ஒரு மருத்துவரின் வாழ்க்கை

முழுதும் பழைய நிலைக்குத் திரும்ப இயலாதவர் என் செய்வது? இதற்கு வேலூரில் விடை உண்டு. கொச்சியைச் சேர்ந்த டாக்டர் மேரி வர்கீஸ் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் இளம் மருத்துவர். 1954-இல் நேர்ந்த மோட்டார் விபத்தில் முதுகந்தண்டு முறிந்து இடுப்பின் கீழ் உணர்விழந்தார். நிமிர்ந்து அமர்வதற்கே அறுவைகள் வேண்டியிருந்தன. ஆயினும் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே, டாக்டர் பால் பிராண்டின் வழிகாட்டலில், தொழுநோயாளரின் முடங்கிய கைகளுக்கு அறுவை செய்யக் கற்றார். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலும், பின் நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்ட் ரஸ்கின் நிலையத்திலும் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அத்துறைக்குத் தலைமை ஏற்றார். 1966-இல் அங்கே மறுவாழ்வு நிலையம் எழுந்தது. 1972-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கிற்று. 1986-இல் அவர் மறைந்தார். அவர் வளர்த்த துறை இன்றும் முதுகொடிந்தோரை வாழப் பழக்கி வருகிறது.

அவர் கால்கள் மீளவில்லை, வாழ்க்கை மீண்டது. குணமடைதல் என்பது முன்பிருந்தபடியே ஆகிவிடுவது மாத்திரம் அன்று; இருக்கின்ற உடலைக்கொண்டு மீண்டும் பயனுற வாழக் கற்பதும் குணமடைதலே.

நம் வீட்டு நோயாளிக்கு அத்துணைப் பெரிய சோதனை பெரும்பாலும் வருவதில்லை. அவர்க்கு வேண்டுவன ஒரு கட்டில், ஒரு நாற்காலி, காலை நடை, நல்ல உணவு, சில மாதப் பொறுமை ஆகியவையே. எழாதே என்று கிடத்தவும் வேண்டா; இன்னும் எழவில்லையா என்று விரட்டவும் வேண்டா. உடன் நடக்க ஒருவர் இருந்தால் போதும். ஆக்கப் பொறுத்தோம், ஆறவும் பொறுப்போமாக.